நான் பார்த்து வாங்கிய இரண்டு கல்லூரிகள்

நீ பல் வைத்தியம் படித்த இரண்டாவது கல்லூரியையும் மூடிவிட்டார்கள். முதலாவதை மூடியபோது உனக்கு இரண்டு வருடப் படிப்பு மிச்சம் இருந்தது. இதை மூடியபோது ஒரு வருடம். இது உனக்குப் புதுச் செய்தி இல்லை. பூட்டின கேட்டுக்கு முன்னால் புத்தகத்தோடு நின்றவனே நீதான். ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் இது உன் கைக்கு வருவதற்கு முன் ஹட்டனில் பல பேர் கைக்குப் போகும். நம் வியாபாரிகள் சங்கத்துத் தீபாவளி மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வந்தார்கள். போன வருடம் ஒருவர் நேர்மையைப் பற்றி எழுதியிருந்தார். அவருடைய தராசை எனக்குத் தெரியும். என் மகனுக்கு எழுதுவதைத் தருகிறேன், போட்டால் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மகனை அக்கரைக்குப் படிக்க அனுப்ப வேண்டும் என்று பெண்சாதியின் நகைக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கும் தகப்பன் யாராவது இந்த மலையில் இருப்பான். அவனும் படிக்கட்டும்.

பல் வைத்தியம் உன் ஆசை என்றுதான் ஊரில் நினைத்திருக்கிறார்கள். உனக்கு அப்படி ஓர் ஆசை இருந்ததே இல்லை. நீ ரயில்வேயில் சேர ஆசைப்பட்டவன். றொசல்ல ஸ்டேஷனில் கொடி காட்டுகிறவரைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் துவாயை ஆட்டிக்கொண்டு திரிந்தவன். பல் என்பது என் வியாபாரக் கணக்கு. நான் தலையில் புடவை மூட்டை சுமந்து தோட்டம் தோட்டமாக ஏறிய காலத்தில், சம்பள நாளன்று, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்து ஓரத்தில் மூட்டையை அவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சனங்கள் சம்பளம் வாங்க வரிசையாக நிற்பார்கள். அந்த வரிசையில் தாடையைத் துணியால் தூக்கிக் கட்டிக்கொண்டு யாராவது ஒருவர் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரிடம் ஒரு குறடு இருந்தது. பல்லுக்கும் அதுதான், பெட்டி ஆணிக்கும் அதுதான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கே பாதிப் பல் இருக்காது. உன் அம்மாவின் பல்லும் அந்தக் குறட்டில்தான் போயிற்று. நீ பிறந்த பிறகு அவளுக்கு ஈறு வீங்கி ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கியது. டிஸ்பென்சரும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "எல்லாத்தையும் எடுத்துட்டா அப்புறம் வலிக்கிறதுக்கு என்னம்மா இருக்கு?" என்று ஆறுதலும் சொன்னார். இத்தனை தோட்டத்தில் இத்தனை வாயில் வலி, அதைத் தீர்க்க நம்மவர் வைத்த இடம் ஒன்றுகூட இல்லை. போட்டியில்லாத வியாபாரம். நான் கண்டது அதைத்தான். தர்ம சிந்தனையில் அனுப்பினார் என்று யாராவது மேடையில் பேசினால் நீ நம்பாதே.

இங்கே உள்ள படிப்புக்கு உன் மார்க்கும் போதவில்லை, என் காகிதமும் போதவில்லை. நாற்பத்தெட்டில் வந்த சட்டத்துக்குப் பிறகு நாம் இந்த நாட்டுப் பிரஜை இல்லை. பிரஜையாக்கச் சொல்லி மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். அதனால் அக்கரை. மதராசில் ஒரு தனியார் கல்லூரி, ஒரு பெரிய மாடி வீட்டில். நான் போய்ப் பார்க்காமல் எதையும் வாங்குகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். கப்பலேறிப் போனேன். கூடத்தில் ஏற்றி இறக்கும் நாற்காலிகள், கண்ணாடி அலுமாரியில் வெள்ளைச் சாந்தில் செய்த பற்கள். அதற்கெல்லாம் நான் மயங்கவில்லை. அலுமாரியை யாரும் நிரப்பலாம். நான் பார்த்தது வாசலில் இருந்த கூட்டத்தை. காலை நேரத்திலேயே இரண்டு பெஞ்சு நிறைய ஆட்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு பேர் வரும் இடம் படுக்காது என்று நினைத்துப் பணத்தைக் கட்டினேன். பின்னால்தான் தெரிந்தது, புதுப் பையன்களின் தகப்பன்மார் வருகிற நாளில் பக்கத்து மில் ஆட்களுக்கு டீயும் பன்னும் கொடுத்து உட்கார வைப்பார்களாம். எனக்கு எரிச்சல் எதில் என்றால், ஹட்டனில் கடை திறந்த அன்று நானும் உன் மாமன் குடும்பத்தையே மஸ்கெலியாவிலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டிவந்து கவுண்டருக்கு முன்னால் நிறுத்தினவன். ஒரே சேலையை உன் அத்தை நாலு தடவை விலை கேட்டாள். அந்த வித்தையைத் தெரிந்தவனே அந்த வித்தையில் விழுந்தேன்.

அது ஒரே ஒரு மனிதருடைய கல்லூரி. அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிவதற்குள் பிள்ளைகள் கட்டடத்தைப் பங்கு போட்டார்கள். நாற்காலிகள் ஒருவருக்கு, கட்டடம் ஒருவருக்கு, பையன்கள் யாருக்கும் இல்லை. இப்போது அது கல்யாண மண்டபம். நீ பல் பிடுங்கப் பழகின கூடத்தில் பந்தி போடுகிறார்கள்.

நீ அங்கே இருந்த காலத்தில்தான் என் பிரஜாவுரிமை மனு விசாரணைக்கு வந்தது. குடும்பத்தோடு இங்கேயே இருக்கிறவன் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். அதிகாரி சிங்களத்தில் கேட்டார், பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் நம் ஆள், தமிழில் கேட்டார்: "பிள்ளைங்க எத்தனை பேரு?" "ஒரே மகனுங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த மனிதர் காகிதத்தைப் புரட்டவும் தொடங்கிவிட்டார். நான் விடவில்லை. "இந்தியாவுல பல்லு டொக்டருக்குப் படிக்கிறானுங்க" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. மொழிபெயர்ப்பாளர் இருமினார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை இருமினார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. "எத்தனை வருஷமா?" என்று அதிகாரி கேட்டதும், அதற்கும் பெருமையாகவே பதில் சொன்னேன். இன்னும் இருபத்தொரு வயது ஆகாத மகன் வருடக் கணக்கில் இந்தியாவில் இருந்தால், இங்கேயே குடியிருக்கிற குடும்பம் என்று எப்படி எழுதுவார்கள்? வெளியே பக்கத்துக் கடை முஸ்லிம் நானா குடையோடு காத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். "முதலாளி, பெருமை பேச உங்களுக்கு வேற ஆபீஸே கெடைக்கலயா?" என்றார். பிறகு மனு தள்ளுபடி என்று வந்தது. நானா குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கூட நடந்ததை மட்டும் மறக்கவில்லை. மற்றபடி அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டாவது கல்லூரி பெங்களூரில். முதல் அடி பட்டவன் என்பதால் இந்தத் தடவை கெட்டிக்காரத்தனமாகக் கேட்டேன். சர்க்கார் அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்தவன் இனிமேல் பல் வைத்தியர் என்று பதிய முடியாது என்று சட்டம் இருப்பதைத் தெரிந்துகொண்டு போனேன். பிரின்சிபால் சிரித்த முகமான மனிதர். "அங்கீகாரம் வந்துக்கிட்டே இருக்குங்க சார். அடுத்த மாசம் நம்ம கையில" என்றார். நான் திருப்தியாக எழுந்து வந்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம் நம் கடையில் காஞ்சிபுரம் கேட்டு வருகிறவர்களிடம் நான் என்ன சொல்வேன்? "சரக்கு தலைமன்னார் வந்திருச்சு, நாளைக்கு ரயில்ல ஏறிடும்" என்று சொல்வேன். அப்போது சரக்கு தலைமன்னாரிலும் இருக்காது, தனுஷ்கோடியிலும் இருக்காது. அவர்கள் கையிலிருக்கும் பணம் அடுத்த கடைக்குப் போகாமல் இருக்கச் சொல்வது அது. நான் வருடா வருடம் சொன்ன பொய்யை ஒருவர் எனக்கே திருப்பிச் சொன்னார், எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே சேர்ந்து ஒரு வருடம் போல ஆனபோது நீ ஒரு கடிதத்தில் வேடிக்கையாக எழுதியிருந்தாய்: எதிர்த்த டீக்கடைக்காரர் மாணவர்களுக்குக் கடன் கொடுக்கிறார், வாத்தியார்களுக்கு நிறுத்திவிட்டார், அதனால் வாத்தியார்கள் எங்கள் பெயரில் டீ குடிக்கிறார்கள் என்று. அதைக் கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிச் சிரித்தேன். ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளைக்கு யாராவது கடன் கொடுக்க மறுத்தால், அந்தத் தோட்டம் கை மாறப்போகிறது என்று அன்றைக்கே என் பாக்கியை வசூல் பண்ணக் கிளம்புகிறவன் நான். என் மகன் எழுதினால் மட்டும் அது வேடிக்கையாகத் தெரிந்தது.

நீ தந்தி அடித்தபோது காகிதத்துக்கு அலைந்து, மண்டபம் முகாமில் ஊசி போட்டுக்கொண்டு, ரயில் மாறி ரயில் மாறி வந்து சேர்ந்தேன். உன் அறைக்கு வருவதற்கு முன் கல்லூரிக்குத்தான் போனேன். இதை உனக்கு நான் சொல்லவில்லை. கேட்டில் பூட்டு. உள்ளே ஒரு காவல்காரர், தமிழ்க்காரர், தகர டப்பாவில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க வேணும்?"

"காலேஜு."

"காலேஜு போயிருச்சுங்களே."

"எங்க போயிருச்சு?"

"பெரியவருக்கு சர்க்கார் காலேஜுல வேலை கெடைச்சுது, அவரு போயிட்டாரு. வாத்தியாருங்க சம்பளம் இல்லைன்னு போயிட்டாங்க. பசங்க நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்க. எல்லாரும் போனா காலேஜு போன மாதிரிதானுங்களே." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பல்லு வேணுங்களா? ஒரு கூடை கெடக்கு" என்றார்.

சாந்துப் பற்களை வாசலில் கொட்டி வைத்திருந்தார்கள். தெருப் பிள்ளைகள் அவற்றை இரண்டு இரண்டாகச் சேர்த்துக் கடிக்க விட்டு விளையாடிக்கொண்டிருந்தன. உன்னுடையது எது என்று தேடினேன். அடியில் பென்சிலால் பெயர் எழுதுவீர்கள் என்று நீ சொல்லியிருந்தாய். மழையில் எல்லாம் அழிந்திருந்தது. நாற்காலிகளை யாரோ மொத்தமாக எடுத்துப் போயிருந்தார்கள். பின்கட்டில் பல் செட் வார்க்கும் இரும்பு அச்சுப் பெட்டிகளும், அவற்றை அழுத்துகிற யந்திரமும் மட்டும் துருப்பிடித்துக் கிடந்தன. அவை என்னவென்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் பாரத்தைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல வார்ப்பு. மகனுடைய படிப்பு செத்துக் கிடக்கிற இடத்தில் நின்று பழைய இரும்புக்கு விலை பேசினேன். சம்பள பாக்கிக்கு அதை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் விட்டிருந்தார்களாம். அவர் கேட்டதில் பாதிக்கு முடித்தேன். நான் அப்படிப்பட்ட ஆள். வெறுங்கையோடு திரும்பத் தெரியாது.

பிறகு உன் அறைக்கு வந்தேன். அங்கேயும் கல்லூரியைத்தான் திட்டினேன், அந்தப் பிரின்சிபாலைத் திட்டினேன், டில்லியைத் திட்டினேன், கொழும்பைத் திட்டினேன். நீ பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாய். கடைசியில் ஒரே வார்த்தை சொன்னாய்: "நீங்க பாத்து வாங்கின சரக்குதானப்பா." நீ சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். நீ கோபப்படாமல் சொன்னாய். கடையில் சாயம் போன சேலையைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களில் சத்தம் போடுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். மடித்து மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கிறவர்களிடம் நான் எப்போதும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். உனக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது?

இதைப் படிக்கும் தகப்பன்மாருக்குச் சொல்கிறேன். கல்லூரியை முன்வாசலில் பார்க்காதீர்கள். எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து வாத்தியார்களுக்குக் கடன் உண்டா என்று கேளுங்கள். போன வருடம் படித்து முடித்தவன் ஒருவனைத் தேடிப்பிடித்து, அவன் எங்கே உட்கார்ந்து சம்பாதிக்கிறான் என்று கண்ணால் பாருங்கள். அங்கீகாரம் வருகிறது என்றால், வந்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். நான் வீட்டுக்குத் தேயிலைத் தூளைக்கூடக் கையில் எடுத்து மோந்து பார்க்காமல் வாங்கினதில்லை. மகனுடைய வாழ்க்கையை வெள்ளைக் கோட்டைப் பார்த்து வாங்கினேன்.

உன் அம்மாவுக்கு இது எதுவும் முழுதாகத் தெரியாது. லீவு விட்டிருக்கிறார்கள் என்றுதான் நெடுநாள் சொல்லிவந்தேன். இந்த மலர் வந்து யாராவது வாசித்துக் காட்டினால்தான் அவளுக்கு முழுதும் தெரியும். அவள் இன்றைக்கும் ரொட்டியை டீயில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறாள். இறைச்சி ஆக்கினால் எனக்கு வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்கிறாள். சிரித்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறாள். கண்டியில் பல் செட் கட்டித் தருகிறார்கள், போய்க் கட்டிக்கொண்டு வா என்று எத்தனையோ தடவை சொன்னேன். போன வாரம்கூடப் பக்கத்து வீட்டம்மா, "என்னக்கா, இவ்வளவு பெரிய கடை வச்சிருக்காங்க, ஒரு பல்லு கட்டிக்கக் கூடாதா?" என்று கேட்டாள். "எம் மகன் வரட்டும்டி. ஊரான் கை எதுக்கு எம் வாயில?" என்றாள் இவள். கடைக்கு மேலே உனக்காக ஒழித்து வைத்த அறையை இன்னமும் டொக்டர் ரூம் என்றுதான் கூட்டுகிறாள். உன் பெயர் எழுதி வைத்திருந்த பலகையை நான் கவிழ்த்துப் போட்டுப் பொப்ளின் கட்டுகளை அடுக்கியிருக்கிறேன். நல்ல பலகை, வீணாக்க மனமில்லை.

இப்போது வரவேண்டிய இடத்துக்கு வருகிறேன். பெங்களூரில் நீ வாடகைக்காகப் பல் செட் கட்டுகிற கடையில் உட்கார்ந்தாயே, அந்தக் கடைக்காரரை நான் ஊருக்குத் திரும்பும் முன் போய்ப் பார்த்தேன். உன் வேலையைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பல்லைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் ஒழுங்காகச் செய்த சாமான் எது என்று தெரியும். எங்கேயும் பிசிறு இல்லை. "உங்க பையனுக்கு மெழுகுல கை நல்லா ஓடுதுங்க" என்றார் அவர். இரண்டு கல்லூரிக்கு நான் கட்டின பணத்துக்கு வந்த படிப்பு அந்தப் பல் செட் கடையில்தான் வந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு யோசனை வந்தது. போன வாரம் நுவரெலியாவுக்குப் போனேன். அங்கே பதிவு பெற்ற சிங்கள டொக்டர் ஒருவர் இருக்கிறார். தோட்டத்துத் துரைமார், கிளாக்கர்மார் எல்லோருக்கும் பல் பார்க்கிறவர். செட் கட்ட அளவுகளைக் கொழும்புக்கு அனுப்பி மாதக் கணக்கில் காத்திருக்கிறார். நல்ல தமிழ் பேசுவார்.

"முதலாளி, நாலு வருஷம் டொக்டருக்குப் படிச்ச பையன். பின்னுக்கு இருந்து பல்லு செய்யிற வேலைக்கு வருவானா?"

"வருவான் மாத்தயா."

"கோவம் வராதா?"

"வந்தா எம் மேல வரட்டும். நான் தாங்கிக்குவேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம், பேசினோம். மகனே, இதைவிட நல்ல விலை கிடைக்கும் என்றால் நான் விட்டிருக்க மாட்டேன். உனக்குப் பிடிக்காவிட்டால் பெங்களூரிலேயே இருந்துகொள். நான் வாயைத் திறக்க மாட்டேன். வருவதானால், பேசி முடித்தது இதுதான்.

அவருடைய அறைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் உனக்கு மேசையும் அடுப்பும். நான் வாங்கிவந்த இரும்புப் பெட்டிகள் நம்முடையவை. நீ விலகினால் அவையும் கூட வரும். முழுச் செட்டுக்குப் பதினெட்டு ரூபாய், பாதிச் செட்டுக்குப் பத்து, உடைந்ததை ஒட்ட மூன்று. நீ இனி இங்கே விசாவில்தான் இருக்க முடியும். அந்தக் காகிதத்தில் வருடா வருடம் அவர் கையெழுத்துப் போடுவார், அதற்குக் காசு இல்லை. உன் பெயர் பலகையில் வராது. யாராவது டொக்டர் என்று கூப்பிட்டால் நீயே திருத்த வேண்டும், உன் அம்மா கூப்பிட்டாலும். எவருடைய வாய்க்குள்ளும் நீ விரல் வைக்கக் கூடாது. அளவெடுப்பதும் பொருத்துவதும் அவர் கை. முதல் செட் உன் அம்மாவுக்கு. அவளுக்கு மட்டும் நீ அளவெடுக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது என்று தலையை ஆட்டினார். அவர் அளவெடுக்க ஐந்து ரூபாய், சாமானுக்கு நாற்பது. நாற்பத்தைந்தையும் நான் கட்டுவது என்றும், அந்தச் செட்டுக்கு உனக்குக் கூலி கிடையாது என்றும் ஒத்துக்கொண்டு வந்தேன்.